உள்ளே மடித்த துணி

"மூணு பேர் வந்திருக்கோம். இதுல சிகிச்சை யாருக்கு சிஸ்டர்?"

"குடும்பத்துக்கு சார்."

"அது சரி. ஆனா யாருக்கு?"

"குடும்பத்துக்குத்தான் சார்."

முதல் நாள் மருத்துவமனையில் நடந்த இந்தப் பேச்சை, மூன்று மாதம் கழித்தும் தையல்காரர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓட்டிப் பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை. பதினோரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனது அவளுடைய எடைக்காக. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவளைப் பற்றித்தான். ஆனால் நர்ஸ் கையில் கொடுத்த அட்டவணையில் மூன்று பத்திகள் இருந்தன. அப்பா, அம்மா, மகள். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம், எத்தனை மணிக்குத் தூங்கப் போனோம் என்று மூன்று பேரும் எழுத வேண்டுமாம்.

அவர் ஒரு தடவை தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டால் எது டேப், எது மனுஷன் என்று தெரியவில்லை என்று மனைவி கேலி செய்கிற உடம்பு அது. மனைவியையாவது சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவள், மகளுக்கு அம்மா என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். தனக்கு எதற்குப் பத்தி?

நர்ஸ் பொறுமையாகத்தான் சொன்னார். குழந்தைக்கு ஒரு தட்டு, பெரியவர்களுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் அது குழந்தைக்குத் தண்டனை போல ஆகிவிடும். வீட்டில் ஒரே சாப்பாடு, ஒரே மேஜை, டிவி அணைந்திருக்க வேண்டும். நல்ல மார்க் வாங்கினால் சாக்லெட் என்கிற பழக்கம் வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்து நடக்க வேண்டும். உடம்பைப் பற்றிக் கேலி, பட்டப்பெயர் எதுவும் கூடாது. ஆறு மாதம் இப்படி ஓடினால் போதும், மீதி தானாக வரும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்.

"அவ மனசு வெச்சு வரணும் சார். இழுத்துக்கிட்டு வந்தா நிக்காது. பாதியில வெறுத்துட்டான்னா மறுபடி கூட்டிட்டு வர்றது ரொம்பக் கஷ்டம்."

அன்றிலிருந்து அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். மகள் பாதியில் வெறுத்துவிடக் கூடாது.

பட்டப்பெயரிலேயே முதல் சிக்கல் வந்தது. பிறந்ததிலிருந்து அவளை அவர் 'உருண்டை' என்றுதான் கூப்பிட்டு வந்தார். செல்லமாகத்தான். திடீரென்று அந்தப் பெயர் இல்லை என்றதும் நாக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடியது. 'இந்தா' என்றார், 'பாரும்மா' என்றார், ஒரு நாள் வாய் தவறி 'மேடம்' என்றுகூடச் சொல்லிவிட்டார்.

"எனக்குப் பேரே இல்லாமப் பண்ணிட்டீங்களாப்பா?" என்று அவள் கேட்டதற்கு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அடுத்த சிக்கல் அவருடைய பத்தி. கடைக்குப் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வரும். டீயோடு எண்ணெயில் பொரித்தது ஏதாவது வரும். அது இருபது வருஷப் பழக்கம். அட்டவணையில் அதை எழுதினால் மகள் என்ன நினைப்பாள் என்று எழுதாமல் விட்டார். எழுதாமல் விட்டதைப் பார்த்து, "அப்பா ரொம்ப கரெக்டா இருக்காரும்மா" என்று அவள் அம்மாவிடம் பாராட்டிச் சொன்னது அவர் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து டீயை மட்டும் வாங்கிக்கொண்டார். இப்படித்தான் அந்தப் பத்தி தனக்கு எதற்கு என்பது அரைகுறையாக அவருக்குப் புரிந்தது. மீதி அரை புரியவே இல்லை.

அவருடைய கடை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே இரண்டு மிஷின், வெட்டுகிற மேஜை, ஆள் உயரக் கண்ணாடி, துணித் திரை போட்ட சின்ன அறை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஓரமாகக் காஜா எடுக்கிற அக்கா உட்கார்ந்திருப்பார். பட்டனுக்குத் துளை தைப்பது, பட்டன் வைப்பது, அளவு நோட்டு எழுதுவது எல்லாம் அவர் வேலை. தையல்காரர் டேப்பைப் பிடித்து எண்ணை உரக்கச் சொல்லுவார், அக்கா எழுதிக்கொள்வார். 'தோள் பதினேழு, கை இருபத்திமூணு' என்று அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வந்த வழக்கம் அது. எண்ணைச் சத்தமாகச் சொன்னால்தான் அளவு தப்பாது என்பது அவர் நம்பிக்கை. தெருவில் பாதிப் பேருடைய இடுப்பும் தோளும் அவருக்கு மனப்பாடம்.

அந்த வழக்கத்தால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது நடந்தது. பள்ளி திறக்கும் சமயம், பெஞ்சு நிறைய ஆள். மகளுக்குச் சீருடை தைக்க நிற்கவைத்து டேப்பைச் சுற்றினார். பழக்கதோஷத்தில் இடுப்பு அளவை உரக்கச் சொல்லிவிட்டார். பெஞ்சில் இருந்த ஒரு ஆள், "அட, என் இடுப்பும் அதேதாங்க, எனக்கும் ஒரு ஸ்கர்ட் வெட்டிடுங்க" என்றார். பெஞ்சே சிரித்தது. தையல்காரரும் சிரித்தார். வாடிக்கையாளர் ஜோக் அடித்தால் சிரித்துவைக்க வேண்டும் என்பதும் தொழில் வழக்கம்தான். மகள் கைகளைக் கீழே இறக்கிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு அவர் மகளுக்கு டேப் போடவில்லை. பழைய உடுப்பை மேஜையில் விரித்து, கண்ணால் ஒரு கணக்குப் போட்டு, பக்கவாட்டிலும் இடுப்புப் பட்டியிலும் துணியை உள்ளே மடித்துத் தாராளமாக விட்டுத் தைத்துவிடுவார். குழந்தைக்கு டேப்பைக் கண்டாலே பயம், நாமே எதற்குக் கிளற வேண்டும் என்பது அவர் எண்ணம். அவளும் அளவெடுங்கள் என்று கேட்டதில்லை. பள்ளி விட்டு வேனிலிருந்து இறங்கி, அம்மா மற்ற குழந்தைகளை விட்டுவிட்டு வரும்வரை கடையில்தான் இருப்பாள். ஆனால் கண்ணாடிப் பக்கம் வர மாட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருப்பாள்.

சிகிச்சை தொடங்கி ஐந்து வாரம் நன்றாகத்தான் போனது. ஆறாவது வாரம் மகள் தளர்ந்துவிட்டாள். நடக்கக் கிளம்பும்போது செருப்புக்குள் காலை விடவே பத்து நிமிஷம் ஆனது. சாப்பாட்டு மேஜையில் காயை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அட்டவணையில் அவள் பத்தி காலியாகவே இருந்தது.

"எதுவும் மாறலப்பா. ஸ்கர்ட் அதே டைட்டுதான். எதுக்கு இதெல்லாம்?"

தையல்காரருக்கு நர்ஸ் சொன்ன 'பாதியில் வெறுத்துவிடுவது' இதுதானோ என்று பட்டது. மறுநாள் அவள் ஒரு ஸ்கர்ட்டில் பள்ளிக்குப் போயிருக்க, மாற்று ஸ்கர்ட்டைக் கடைக்கு எடுத்துப் போய், பிளேடால் பக்கத் தையலைப் பிரித்து, ஒரு விரல் துணியை வெளியே விட்டுத் தைத்தார். பட்டியையும் அதற்குத் தக்கபடி விட்டார். அதற்கடுத்த நாள் மற்றதையும்.

தையலில் இப்படி விளையாடுவது அவருக்குப் புதிதும் அல்ல. பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஓட்டுநர் சட்டை தைக்க ஒரு பெண் வந்தாள். ஸ்டீயரிங் பிடிக்கிற கை என்பதால் தோளில் தாராளம் வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். இவர் வேண்டுமென்றே தோளை ஒரு விரல் இறுக்கித் தைத்தார். அவள் திரும்பி வந்தாள். அரை விரல் விட்டுக் கொடுத்தார். மறுபடி வந்தாள். நாலாவது தடவை வந்தபோது, "சட்டை சரியாகணுமா, இல்ல நான் இங்கேயே வந்துக்கிட்டு இருக்கணுமா, ஒண்ண முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றாள். இவர் முடிவு பண்ணிச் சொல்லிவிட்டார்.

பிரித்துத் தைத்த ஸ்கர்ட்டை முதல் தடவை போட்டுக்கொண்ட காலையிலேயே மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டினாள். இரண்டு கொக்கியில் வெளிக் கொக்கியை விட்டு உள் கொக்கிக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள். அன்று மாலை நடைக்கு அவள்தான் முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்? மூன்று வாரம் கழித்து இன்னொரு விரல் விட்டார். மனைவி மட்டும் எதற்கு மனம் தளர வேண்டும் என்று அவளுடைய வேலைக் கால்சட்டையிலும் அரை விரல் விட்டார். அம்மாவும் மகளும் கண்ணாடி முன்னால் நின்று ஒருவர் பட்டியை ஒருவர் இழுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வீடு கலகலவென்று ஆகிவிட்டது. பிளேடு நல்ல வேலைதான் செய்திருக்கிறது என்று அவர் நினைத்தார்.

மூன்றாம் மாதச் சந்திப்பில் நர்ஸ் மகளுடைய உயரத்தையும் எடையையும் பார்த்தார். மகளே கேட்டாள், எவ்வளவு என்று. தெரிந்துகொள்ள விருப்பமா என்று ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு நர்ஸ் சொன்னார்.

"முதல் நாள் என்ன எடையோ அதேதான். அப்படியே இருக்கு."

தையல்காரர் மகள் முகத்தைப் பார்த்தார். ஆனால் நர்ஸ் முகம் மலர்ந்திருந்தது. உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறதாம். வளர்கிற குழந்தை எடையைக் குறைக்க வேண்டியதில்லை, எடை அப்படியே நின்று உயரம் கூடினாலே போதும், நாங்கள் எதிர்பார்த்ததே இதைத்தான் என்றார். சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மூன்று பேருக்கும் பாராட்டு.

அதே எடை எப்படி நல்ல செய்தி ஆகும் என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது இன்னும் மோசமாகிவிட்டது. எதுவுமே மாறவில்லை என்று நினைத்துத்தானே தையலைப் பிரித்தார்? உள்ளுக்குள் உண்மையிலேயே மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்படியானால் அவர் சொன்ன பொய் யாருக்கு, எதற்கு?

வேனில் திரும்பி வரும்போது மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எடை அதேன்னா ஸ்கர்ட் எப்படிப்பா இவ்வளவு லூசாச்சு?"

"உயரம் கூடுதுல்லம்மா... துணி... துணி மேல ஏறும்போது அப்படித்தான்" என்று உளறினார். துணி மேலே ஏறினால் இடுப்பு எப்படித் தளரும் என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியில் மனைவியின் கண்கள் ஒரு தரம் அவரைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பின.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி சீருடைகளை இஸ்திரி போட்டாள். ஸ்கர்ட்டை உள்பக்கம் திருப்பியவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கோடுகள். மகள் கீழே தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் குரலை உயர்த்தவில்லை, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, நான் இதுல நாலு தடவை ஏமாந்தவ. என்கிட்டயேவா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கால்சட்டையையும் சேர்த்துத்தான் சொன்னார்.

"என்னோடதுமா?" அவள் ஒரு நொடி சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை. "அதுக்காக வேன்ல வர்ற பிள்ளைங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சேனே."

சொன்னால் மகள் எல்லாவற்றையும் விட்டுவிடுவாள் என்றார் அவர். சொல்லாமல் அவளாகவே ஸ்கர்ட்டைத் திருப்பிப் பார்த்தால் நம்மை விட்டுவிடுவாள் என்றாள் இவள். எது பெரிய நஷ்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு ஸ்கர்ட்டையும் எடுத்து அவர் மடியில் போட்டாள்.

அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலில் ஒரு விரல், பிறகு ஒரு விரல். ஆனால் ஒன்றில் இரண்டு பக்கமும் விட்டார், மற்றதில் ஒரு பக்கம்தான் விட்டாரோ? சாக்பீஸால் குறிக்கவில்லை, நோட்டில் எழுதவில்லை. திருடுகிறவன் எழுதிவைத்துக்கொண்டா திருடுவான்? அவள் இரண்டு விரல் தளர்ச்சி என்கிறாள். அதில் தான் விட்டது எவ்வளவு, அவள் நடந்து, சாப்பாட்டை மாற்றி, தானாகச் சம்பாதித்தது எவ்வளவு? முழுதும் அவருடையதாக இருக்கலாம். பாதி அவளுடையதாகவும் இருக்கலாம். தைக்கும்போது அவள் இடுப்பு என்ன அளவு என்பதே அவருக்குத் தெரியாதே, எங்கிருந்து கழிப்பது? தெருவில் பாதிப் பேருடைய அளவு மனப்பாடமாக இருக்கிற தலை, பெற்ற மகளின் அளவைத் தேடித் தேடிப் பார்த்து வெறுமையாக நின்றது.

திங்கட்கிழமை மகள் கடைக்கு வந்தபோது பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். கால்சட்டை வாங்க வந்த வங்கிக் காவலாளி ஒருவர், ஜாக்கெட்டைச் சரிசெய்ய வந்த மருந்துக்கடை அம்மா ஒருவர். தையல்காரர் மகளைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். அந்தச் சின்ன அறையில் ஒருவர் நின்றாலே முழங்கை இடிக்கும். இரண்டு பேர் நின்றார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் நேராகச் சொல்லிவிட்டார். ஸ்கர்ட்டைப் பிரித்து விட்டது தான்தான் என்றார். அவள் முகம் வாடியிருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் செய்தேன், தப்புதான் என்றார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பட்டியின் உள்பக்கம் கட்டைவிரலை விட்டு அந்தத் துளைகளை மெல்லத் தடவினாள். தையல்காரர் மகள், எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

"இதுல எவ்வளவு நீங்க விட்டது?"

"தெரியலம்மா."

"நான் எவ்வளவு குறைஞ்சேன்?"

"அதுவும் தெரியல."

"உங்களுக்கா தெரியாது?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய்யைவிட இதுதான் அவளை அதிகம் உறுத்தியதாகத் தோன்றியது. "வாட்ச்மேன் மாமா அளவு தெரியும். அந்த ஆன்ட்டியோடது தெரியும். என்னோடது மட்டும் தெரியாதா?"

"உனக்கு டேப்னா பயம்னு நினைச்சேன்மா. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே."

"நீங்களும் சிரிச்சீங்க."

அவர் தலையை ஆட்டினார். இல்லையென்று சொல்ல முடியாது, கண்ணாடியில் அவள் பார்த்திருக்கிறாள்.

"அதுக்கப்புறம் டேப்ப எடுக்கவே இல்ல நீங்க. எனக்கு அளவு எடுக்க உங்களுக்கு வெக்கமா இருக்குன்னு நான் நினைச்சேன்."

இரண்டு வருஷம் ஒரே கடையில், பத்தடி தூரத்தில், ஆளுக்கொரு தப்பை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வெட்கமா, உன்னைப் பார்த்தா என்று சொல்ல நினைத்தார். இனி நடக்க வருவாயா, வெறுத்துவிட்டாயா என்று கேட்கவும் நினைத்தார்.

அதற்குள் மகள் திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனாள். போயேவிட்டாள் என்றுதான் நினைத்தார். அவள் பையை எடுக்கவில்லை. நேராகக் கண்ணாடிக்கு முன்னால், அளவு கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். பெஞ்சில் இருந்த இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் காது சிவந்திருந்தது. கைகளைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். காஜா அக்கா என்ன ஏது என்று புரியாமல் அவளைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார், பிறகு நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

தையல்காரர் திரையைப் பிடித்தபடியே நின்றார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுக்கலாமா கூடாதா என்று கை முடிவு செய்ய முடியாமல் தவித்தது.

"ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்ப்பா" என்றாள் கண்ணாடியில் தெரிந்த அவரிடம். "எனக்கு அளவெடுங்க. எல்லாருக்கும் சொல்ற மாதிரியே சத்தமா சொல்லுங்க."